ஹாட் யோகா: வியர்வைக்குக் கணக்குக் கேட்கும் கிட்னி

கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி 1970களில் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்து பரப்பிய முறைதான் இன்றைய ஹாட் யோகாவுக்கு மூலம். அறையின் வெப்பம் சுமார் 40 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 40 சதவீதம். அதற்குள் 90 நிமிடங்கள், இரண்டு மூச்சுப் பயிற்சிகளையும் சேர்த்து 26 பயிற்சிகள். சித்திரை மாதத்தில் கரண்ட் போன கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மாதச் சந்தா வேறு!

திடகாத்திரமான ஒருவர் மெல்ல மெல்லப் பழகிச் செய்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வம்பு வருவது பெரும்பாலும் வகுப்புக்கு முன்னும் பின்னும் நாம் செய்யும் காரியங்களால்.

“நல்லா வேர்த்தா கழிவெல்லாம் வெளியே போயிடும், கிட்னிக்கு வேலை மிச்சம்” என்று நம்புவதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. வியர்வையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். யூரியா கொஞ்சம் போகும், அவ்வளவுதான். ரத்தத்தைச் சுத்தம் செய்வது கிட்னியின் வேலை. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் சிறுநீராக வெளியே விடுகிறது. இதற்காக, இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சூடான அறையில் உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடுகிறது, ஆசனம் போட தசைக்கு ஓடுகிறது. கிட்னியின் பங்கு குறைகிறது. வியர்வையில் தண்ணீரும் போய்விடுவதால், இருக்கிற நீரை அது இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. வகுப்பு முடிந்து கழிப்பறைக்குப் போனால் கொஞ்சமாக, கடும் மஞ்சளாக, எரிச்சலோடு வருவது அதனால்தான். வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் வரும் நம்மூர் நீர்க்கடுப்பும் இதே கதைதான். தினமும் இப்படியே விட்டால் கல் உருவாகவும் வழி கிடைக்கும்.

எனக்கு அதிகம் பயம் தருவது வலி மாத்திரை. நேற்றைய வகுப்பில் பிடித்த தொடை இன்னும் விடவில்லை என்று மெடிக்கலில் ஐபுப்ரோஃபனோ டைக்ளோஃபினாக்கோ வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி வகுப்புக்குப் போகிறவர்கள் உண்டு. ரத்த ஓட்டம் குறையும்போது கிட்னி, புரோஸ்டாகிளான்டின் என்ற சுரப்பைக் கொண்டு தன் வாசல் குழாயைத் திறந்து வைத்துச் சமாளிக்கும். இந்த மாத்திரைகள் தடுப்பது அதே சுரப்பைத்தான். சாதாரண நாளில் ஒன்றிரண்டு மாத்திரையைத் தாங்கும் கிட்னி, உடம்பு வற்றிய நேரத்தில் தடுமாறும். கூடவே பி.பி.க்கு ராமிப்ரிலோ டெல்மிசார்டனோ எடுத்து, நீர் பிரிய ஒரு மாத்திரையும் போடுகிறவர் என்றால், மூன்றும் சேர்ந்து கிட்னியைத் திடீரென்று முடக்கிவிடலாம். டாக்டர்கள் நன்கறிந்த ஆபத்துக் கூட்டணி இது. சர்க்கரைக்கான டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகையும் சிறுநீரில் தண்ணீரைக் கூடுதலாக இழுத்துக்கொண்டு போகும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஹாட் யோகா போகிறேன் என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். வலி இருந்தால் அன்றைக்கு வகுப்புக்கு லீவு.

தண்ணீரில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. வயிறு கனக்கும் என்று குடிக்காமலே போவது ஒன்று. பயந்துபோய் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரை இறக்குவது இன்னொன்று. உப்பு வெளியேறியபின் தண்ணீரை மட்டும் கொட்டினால் ரத்தத்தில் சோடியம் சரிந்து தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்புகூட வரும். சுலபமான வழி எடை மெஷின். வகுப்புக்கு முன்னும் பின்னும் ஏறிப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. அதை ஒரே மூச்சில் குடிக்காமல் சில மணி நேரத்தில் ஈடுகட்டலாம், உப்புப் போட்ட மோர் நன்றாக வேலை செய்யும். 60 கிலோ ஆள் 1.2 கிலோவுக்கு மேல் இழந்தால், அந்த வகுப்பு அவருக்கு அதிகம்.

இளநீர் நல்லதுதானே என்பீர்கள். அதில் பொட்டாசியம் தூக்கல், சோடியம் குறைவு. கிட்னி ஏற்கெனவே பழுதான ஒருவருக்கு அந்தப் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கலாம். அப்படிப்பட்டவர் சூடான அறைப் பக்கமே போகாமல் சாதாரண யோகா செய்வதுதான் சரி.

மயக்கம் வந்தால் வெளியே வந்துவிடுங்கள். வகுப்பு நடுவில் எழுந்து போகக் கூடாது என்று ஆசிரியர் சொன்னாலும்தான். மறுநாள் தசைகள் வீங்கி வலித்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அதை உடல்சூடு என்று விட்டுவிடாதீர்கள். தசை சிதைந்து அதன் புரதம் கிட்னியை அடைக்கும் அறிகுறி அது, அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும்.

இன்னொன்று, பலர் யோசிப்பதில்லை. மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்கு முந்தின நாள் மாலை ஹாட் யோகா வேண்டாம். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீரில் தற்காலிகமாகப் புரதம் தெரியும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினினும் சற்று ஏறிக் காட்டும். இரண்டு நாள் இடைவெளி விட்டு ரத்தம் கொடுத்தால், வீணாக நெஞ்சு பதறாது.