மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி தண்ணிய பாருங்க: மீன் வளக்கறவங்க பண்ற தப்புகள்

வால் ஓரம் வெள்ளையாகி பிஞ்சு பிஞ்சு வருது, மீன் மேல வந்து வாய பொளந்துகிட்டு நிக்குது, என்ன மருந்து போடலாம்னு கேப்பாங்க. தண்ணியில அமோனியா (மீன் கழிவுலேர்ந்து வர்ற விஷம்) எவ்ளோ இருக்குன்னு திருப்பிக் கேட்டா "டிடிஎஸ் 400 தான் ப்ரோ, தண்ணி சூப்பர்"னு பதில் வரும். மொத தப்பே இங்கதான். டிடிஎஸ் பேனா தண்ணியில உப்பு எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு மட்டும்தான் காட்டும், அமோனியா, அதுலேர்ந்து உண்டாகற இன்னொரு விஷமான நைட்ரைட் எல்லாம் அதுல தெரியாது. 150 காட்டுற டேங்க்ல மீன் செத்து மிதக்கும், 600 காட்டுற போர் தண்ணியில கப்பி மீன் பாட்டுக்கு குட்டி போட்டுகிட்டு இருக்கும்.

வால் அழுகல் கொண்டு வர்ற ஏரோமோனாஸ் மாதிரி பாக்டீரியா வெளியேர்ந்து வரணும்னே இல்ல, எல்லா டேங்க்லயும் இருக்கறதுதான், தண்ணி கெட்டு மீன் தளர்ந்தா புடிச்சுக்கும். தண்ணிய அப்படியே விட்டுட்டு ஆன்டிபயாட்டிக் கேப்சூல ஒடச்சு கொட்டுனா கொஞ்சம் தேறின மாதிரி இருந்துட்டு மறுபடி வந்துரும்.

டெஸ்ட் பண்றவங்களும் வாட்டர் சேஞ்ச் முடிச்சுட்டு பண்றாங்க, அப்ப நல்ல ரிசல்ட்தானே வரும், மாத்துறதுக்கு முன்னாடி பாருங்க. தண்ணியில முக்கிப் பாக்கற டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்குறவங்க அதுல அமோனியா இருக்கான்னு பாத்து வாங்குங்க, நெறைய ஸ்ட்ரிப்ல இருக்காது, சொட்டு விடுற கிட்டே மேல். கிட்ல நைட்ரேட் (நைட்ரைட்டுக்கு அடுத்து உண்டாகறது) பாக்கறதுக்கு இருக்கற ரெண்டாவது பாட்டில நல்லா அரை நிமிஷம் குலுக்கணும், அடியில படிஞ்சது கலக்கலேன்னா ரீடிங் கம்மியா காட்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் 0 இருக்கணும். கூடவே பிஹெச்சும் பாக்கணும், ஏன்னா அமோனியா ரீடிங் அதேதான் இருந்தாலும் பிஹெச் 7ல இருக்கறதவிட 8ல விஷமா இருக்கற பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு.

அடுத்தது நோய மாத்திப் புரிஞ்சுக்கறது. வாய்கிட்ட, முதுகுல பஞ்சு மாதிரி இருந்தா எல்லாரும் பங்கஸ்ங்கறாங்க, ஆனா அது காலம்னாரிஸ்ங்கற பாக்டீரியாவா இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. அதுக்குப் போய் வெள்ளைப்புள்ளி நோய்க்கு பண்ற மாதிரி ஹீட்டர ஏத்தி விட்டா கதை முடிஞ்சுது, சூட்டுல அது இன்னும் வேகமா பரவும். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி, அதுக்கு ஆன்டிபயாட்டிக் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல.

மருந்து போடறதுன்னா நோய் வந்த மீன தனி டப்பால, ஏர் போட்டு வெச்சு போடுங்க. மெயின் டேங்க்ல மெத்திலீன் ப்ளூ மருந்து ஊத்துனா கண்ணாடி ஒட்டியிருக்கற சிலிகான் நீலமாகறது போகட்டும், பில்டர்ல அமோனியாவ மாத்துற நல்ல பாக்டீரியாவும் போயிரும், அப்பறம் அமோனியா ஏறி நோயில்லாத மீனும் படுத்துரும். பில்டர்ல இருக்கற கார்பன எடுக்காம மருந்து போட்டா மருந்த கார்பன் இழுத்துக்கும். டெட்ராசைக்ளின்ங்கற ஆன்டிபயாட்டிக் கடின தண்ணியில சரியா வேலை செய்யாது, கால்சியம் அத புடிச்சு வெச்சுக்கும், போர் தண்ணி ஆளுங்க இத கவனிங்க. கல்லுப்பு நல்லதுதான், ஆனா கோரி, லோச் மாதிரி மீனுங்க இருக்கற டேங்க்ல கைக்கு வந்த அளவு அள்ளிப் போடாதீங்க.

மீன் சீக்கானதும் பதறிப்போய் டேங்க மொத்தமா கவுத்து, கல்லு, ஸ்பாஞ்ச் எல்லாத்தையும் குழாய் தண்ணியில கழுவி வெக்கறவங்களும் இருக்காங்க. குளோரின் பட்டா பில்டர் மறுபடி மொதல்லேர்ந்து சைக்கிள் ஆகணும், அதாவது நல்ல பாக்டீரியா புதுசா வளரணும், அதுக்கு 4லேர்ந்து 6 வாரம் ஆகும். ஸ்பாஞ்ச டேங்க் தண்ணியிலயே பிழிஞ்சு எடுங்க, தண்ணிய கால்வாசி, அரைவாசின்னு ஆன்டி குளோரின் விட்டு மாத்துங்க. கையில வெட்டுக்காயம் இருந்தா டேங்க்ல கை விடாதீங்க, மீனுக்கு வர்ற மைக்கோபாக்டீரியம் ஒண்ணு நம்ம தோல்லயும் புண்ணு வெக்கும், ஆறறதுக்கு மாசக்கணக்கா ஆகும்.