நிலாவெளியில் ஹோட்டல் கட்ட நினைக்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்து கடற்கரைக் காணி கேட்பவர்களிடம் நான் முதலில் குடியுரிமையைத்தான் விசாரிப்பேன். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவரும், 50 சதவீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனியும் பொதுவாக இலங்கையில் காணி வாங்க முடியாது. குத்தகைக்கு எடுக்கலாம், 99 ஆண்டு வரை. இலங்கை இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை.

சிலர் மச்சான் பெயரில் உறுதி எழுதிவிட்டுத் தங்கள் பணத்தைப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உறுதியில் யார் பெயரோ, சட்டத்துக்கு அவர்தான் சொந்தக்காரர். இதனால் உடைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தை உள்ளூர் வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு திறந்து அதன் வழியே கொண்டுவாருங்கள். பிறகு இலாபத்தையோ விற்ற காசையோ வெளியே அனுப்ப அந்தக் கணக்கின் பதிவுதான் கைகொடுக்கும். வங்கிக் கடிதங்களைத் தொலைக்காதீர்கள்.

அப்புறம், கடல் உயர்நீர்க் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது நீர் வந்து தொடும் எல்லை) 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். விருந்தினரை ஏற்குமுன் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் பதிவு செய்யுங்கள்.