அக்டோபரில் பிரான்ஸ் கால்வாயில் படகு கட்ட: ஒரு பழைய லஸ்கர் சொல்வது

ராத்திரி படகை எங்கே கட்டுவது என்பதை மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். முதல் நாளே பட்டுத் தெரிந்துகொண்டது இது. மாலை ஆறே முக்கால் மணி. தண்ணீர்மேல் பனி இறங்குகிறது. "இன்னும் ஒரு வளைவு மாமா, ஊர் வந்துடும்" என்கிறார் மாப்பிள்ளை. என் மனைவி படகின் முன்னால் உட்கார்ந்து செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டிருக்கிறாள். ஊர் வரவில்லை, லாக் என்கிற, படகை ஏற்றி இறக்கும் மதகுதான் வந்தது. கதவு சாத்தியிருந்தது. அதன் வாயிலேயே, காத்திருக்க மட்டும் விட்டிருக்கும் இடத்தில் படகைக் கட்டிவிட்டு, யார் வந்து திட்டப் போகிறார்களோ என்று விடியும்வரை விழித்துக் கிடந்தோம்.

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக் கால்வாயில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். லஸ்கர் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஷட்டரை ஏற்றி இறக்குவது, கரை உடையாமல் பார்ப்பது, யார் மடைக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்கிற சண்டையில் நடுவில் நிற்பது, இதுதான் வேலை. இத்தனை வருடம் தண்ணீரோடு இருந்தும் படகு என்றால் ஒகேனக்கல் பரிசல்தான் எனக்கு. அதிலும் உட்கார்ந்து போயிருக்கிறேன், துடுப்பைத் தொட்டதில்லை. மகள் டிஜோன் நகரத்தில் இருப்பதால் இரண்டு அக்டோபர் மாதங்கள் அங்கே படகில் போக வாய்த்தது. இப்போது என் சிநேகிதர் ஒருவர் லியோனில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்புகிறார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தினமும் இதைப் பற்றிக் கேட்கிறார், தினமும் பாதியில் அவருடைய பஸ் வந்துவிடுகிறது. அதனால் எழுதிவிட்டேன்.

லைசென்ஸ் வேண்டாம். வாடகைக்கு விடுகிறவர்களே கொஞ்ச நேரம் ஓட்டக் கற்றுக்கொடுத்துத் தற்காலிக அட்டை ஒன்று தருவார்கள். படகிலேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டைவிட அக்டோபரில் வாடகை குறைவு, கூட்டமும் இல்லை. ஆனால் பல கால்வாய்களை நவம்பர் தொடக்கத்தோடு மூடிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் தண்ணீரை இறக்கிக் கதவுகளைப் பழுது பார்ப்பார்கள், வசந்தத்தில்தான் மறுபடி திறப்பார்கள். பிரான்ஸின் நீர்வழித்துறையான வி.என்.எஃப். ஒவ்வொரு கால்வாய்க்கும் தேதியும் நேரமும் வெளியிடுகிறது. விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

எந்தக் கால்வாய்? டிஜோன் வழியாகப் போவது பர்கண்டி கால்வாய். 242 கிலோமீட்டரில் 189 லாக். ஒரு வாரம் முழுக்கக் கயிறு பிடித்தே போய்விடும் என்று மாப்பிள்ளை அதை வேண்டாம் என்றார். தெற்கே இருக்கும் மிடி கால்வாய்க்குப் பேர் அதிகம். 1681-இல் கட்டி முடித்தது, 240 கிலோமீட்டர். அதன் கரையில் வரிசையாக நின்ற பிளேன் மரங்களைப் பூஞ்சை நோய் தாக்கி ஆயிரக்கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனது நிவெர்னே கால்வாய். 174 கிலோமீட்டர், இயோன் ஆற்றை ஒட்டி ஏறி, மேட்டைத் தாண்டி, லுவார் ஆற்றுப் பக்கம் இறங்குகிறது. பாரிஸ் நகரத்துக்கு விறகு கொண்டுபோக 1784-இல் தொடங்கிய வேலை. கிராமங்கள் சின்னவை, லாக்குகளில் ஆள் இருக்கிறார்கள். முதல் தடவை போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு பெரிய தொட்டி. கீழே உள்ள படகு உள்ளே போனதும் கீழ்க்கதவை மூடி, மேலிருந்து தண்ணீர் விட்டால் படகு மேல் மட்டத்துக்கு ஏறிவிடும். அங்கே அதை இயக்குபவர் பெயர் எக்ளூசியே. எனக்கு அவர் லஸ்கர்தான். பல இடங்களில் ஷட்டரைக் கையால் சுற்றித்தான் தூக்குகிறார்கள். இறங்கி ஒரு பக்கக் கதவை நாம் தள்ளிக்கொடுத்தால் அவருக்குச் சந்தோஷம். எது கேட்பதற்கும் முன்னால் "போன்ஜூர்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் மரியாதை தெரியாதவர் என்று முகத்திலேயே காட்டுவார்கள். உள்ளே கயிற்றைத் தூணில் முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. சுற்றி எடுத்துக் கையில் பிடித்து, தண்ணீர் ஏற ஏற இழுத்து, இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். இறங்கும்போது முடிச்சு இருந்தால் படகு கயிற்றில் தொங்கும். அதே மாதிரி, இறங்கும்போது பின்பக்கக் கதவை ஒட்டி நிற்காதீர்கள். அங்கே தண்ணீருக்குள் ஒரு கல்படி இருக்கிறது, பின்பாகம் அதன்மேல் உட்கார்ந்துவிடும்.

லாக் வேலை செய்கிற விதத்தைக் கேட்டதும் எனக்கு வந்த கேள்வி, மேட்டின் உச்சியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. ஒரு படகு உச்சியைத் தாண்டினால் இந்தப் பக்கம் ஒரு தொட்டி, அந்தப் பக்கம் ஒரு தொட்டி தண்ணீர் கீழே போகிறது. முப்பது மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் ஏற்றம் என்று போட்டால் ஒரு தொட்டிக்கு மூன்றே முக்கால் லட்சம் லிட்டர். நாலு பேர் உல்லாசமாகப் போவதற்கு! உச்சியில் ஏரிகள் இருக்கின்றன. அவை போதாமல், இயோன் ஆற்றிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் ஒரு வாய்க்கால் வெட்டி, மோன்த்ரேயோன் என்ற இடத்தில் பள்ளத்தாக்கின்மேல் உயரமான தொட்டிப்பாலம் கட்டிக் கொண்டுவருகிறார்கள். மகள் காரில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். அதன் கரையில் ஒரு உடைப்பு கூட இல்லை. நான் அரை மணி நேரம் நின்று பார்த்தேன், மற்றவர்கள் காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். உங்களுக்கு இதில் ஆர்வம் இல்லையென்றால் விட்டுவிடலாம். ஆனால் உச்சியில் லா கொலான்செல் சுரங்கத்தைத் தவறவிடாதீர்கள். 758 மீட்டர், ஒருவழிப் பாதை, பச்சை விளக்குக்குக் காத்திருந்து போக வேண்டும். அடுத்து சார்டி பக்கம் 16 லாக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக.

சரி, கட்டுகிற விஷயத்துக்கு வருவோம்.

கால்வாயில் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர்தான். வேகமாக நடக்கிறவர் முந்திவிடுவார். அதற்குமேல் போனால் அலை கரையை அரிக்கும். கரை காத்தவனாகச் சொல்கிறேன், போகாதீர்கள். லாக் ஒன்றுக்குக் கால் மணி நேரம் வையுங்கள். 12 கிலோமீட்டர், 8 லாக் என்றால் நாலு மணி நேரம். இப்போது பகலைக் கணக்கு பாருங்கள். லாக்குகள் பொதுவாக ஒன்பது மணிக்குத் திறக்கும், பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை சாப்பாட்டுக்கு மூடும். அக்டோபர் நடுவில் விடிவதே எட்டு மணிக்குத்தான், பனி விலகப் பத்தாகிவிடும். ஏழுக்குச் சற்று முன் சூரியன் மறையும். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அன்றிலிருந்து ஆறுக்கெல்லாம் இருட்டு. வாடகைப் படகை இருட்டில் ஓட்டவும் கூடாது. ஆகவே ஒரு நாளைக்கு நாலு மணி நேரப் பயணம், நாலரைக்குள் கயிறு கரையில்.

படகோடு வரைபடப் புத்தகம் ஒன்று தருவார்கள். அதில் படகு நிறுத்தங்கள் குறித்திருக்கும். ஹால்த் நோத்திக் என்பது கிராமத்து நிறுத்தம். ஒரு சின்னத் துறை, தண்ணீர்க் குழாய், மின்சாரப் பெட்டி. சில இடங்களில் இலவசம், சில இடங்களில் சாயங்காலம் ஊராட்சி ஆள் வந்து சில யூரோ வாங்கிப்போவார். மின்சாரத்துக்கோ தண்ணீருக்கோ வில்லை போட வேண்டிய இடங்களும் உண்டு. அதை வாங்குகிற கடை ஐந்து மணிக்கு மூடிவிடும் என்று வையுங்கள். மதியமே புத்தகத்தில் இரண்டு இடம் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்று நினைத்தது, இன்னொன்று அதற்கு முன்னாலேயே வருவது. தாண்டி இருப்பதை மாற்று இடமாக வைத்தால் எங்கள் முதல் ராத்திரி கதைதான்.

ஊர் இல்லாத இடத்தில் வெறும் கரையில் கட்டுவதுதான் எனக்குப் பிடித்தது. அதற்கு வளைவு வேண்டாம், பாலத்தடி வேண்டாம், லாக் வாசல் வேண்டாம். நேரான, கண்ணுக்குத் தெரிகிற கரையாகப் பாருங்கள். கரையோரம் ஆழம் குறைவு, கருங்கல் கொட்டியிருப்பார்கள். கொக்கிக்கழியை விட்டு ஆழம் பார்த்துவிட்டு, முன்பாகத்தை மெதுவாகச் சாய்வாகக் கொண்டுபோங்கள். இறங்குகிறவர் காலை எடுத்து வைக்க வேண்டும், குதிக்கக் கூடாது. அக்டோபரில் புல்மேல் ஈர இலை சோப்பு மாதிரி வழுக்கும்.

படகில் இரண்டு இரும்பு முளையும் சம்மட்டியும் இருக்கும். மாட்டுக்கு முளை அடித்தவருக்கு இதில் சொல்லித்தர ஒன்றுமில்லை. படகுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடியுங்கள். முன் முளை படகுக்கு முன்னால் தள்ளி, பின் முளை பின்னால் தள்ளி, கயிறு சாய்வாக இழுத்து நிற்க வேண்டும். நேர் குறுக்கே கட்டினால் இன்னொரு படகு தாண்டும்போது தண்ணீர் இழுத்து முளையைப் பிடுங்கிவிடும். மரத்தில் கட்டக் கூடாது, அதற்குத் தடை இருக்கிறது. கரைமேல் சைக்கிள் பாதை போகும், கயிறு அதன் குறுக்கே வரவே கூடாது. முளையின் தலையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வையுங்கள், காலையில் ஓடுகிறவர் தடுக்கி விழ மாட்டார். மேலேயும் ஒரு பார்வை. வால்நட் மரத்தடியில் கட்டினால் ராத்திரி முழுக்கக் கூரையில் டொக், டொக். எங்களுக்கு அப்படி ஒரு ராத்திரி. காலையில் ஒரு பை நிறையப் பொறுக்கினோம், தூக்கம் போனது போனதுதான்.

கயிற்றில் ஒரு சாண் தளர்வு விடுங்கள். மூன்றாம் நாள் காலை மேசையில் காபி டம்ளர் தானாக நகர்ந்தது. ராத்திரி எங்கோ ஒரு கதவு கசிந்து தண்ணீர் மட்டம் இறங்கி, படகு ஒரு பக்கம் கல்மேல் உட்கார்ந்துவிட்டது. இஞ்சினை முறுக்காதீர்கள், தண்ணீருக்கடியில் சுற்றும் விசிறி கல்லையும் இலையையும் வாரிக்கொள்ளும். எல்லோரும் ஆழமான பக்கம் போய் நின்று, பின்பாகத்தைக் கழியால் தள்ளிப் பாருங்கள். எங்களுக்கு அதிலும் அசையவில்லை. மகள் அடுத்த லாக்குக்குப் போன் செய்தாள். அங்கே லாக் பார்க்கும் அம்மா மேல் ஷட்டரைக் கொஞ்சம் திறந்துவிட்டார். இருபது நிமிடத்தில் படகு தானாக எழுந்தது. கடைமடைக்காரர் வந்து கெஞ்சினால் நானும் இப்படித்தான் இரண்டு சுற்று கூடத் தூக்கிவிடுவேன்.

மழை பிடித்தால் ஒன்று நினைவிருக்கட்டும். நிவெர்னே கால்வாய் சில இடங்களில் இயோன் ஆற்றோடு கலந்து போகும். அந்தத் துண்டில் ராத்திரி கட்டாதீர்கள். கால்வாய்க்குள் நுழைந்தபின் கட்டுங்கள். வெள்ளம் கூடினால் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள், அப்போது ஊர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

மற்றவை சுருக்கமாக. ஹீட்டர் டீசலில் ஓடினாலும் அதன் காற்றாடி பேட்டரியைத் தின்னும். படுக்கும்போது அணைத்துவிட்டுக் கம்பளி போர்த்துங்கள். இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் வடிகட்டியில் இலை அடைக்கும், தினமும் காலையில் திறந்து பாருங்கள். கிராமத்துக் கடைகள் ஞாயிறு மதியத்தோடு மூடினால் பலவும் திங்களும் திறக்காது. ஞாயிறு காலை துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அது வேட்டைக்காரர்கள்; காட்டுப் பக்கம் நடக்கப் போகாதீர்கள். கேழ்வரகு மாவு கொண்டுபோங்கள். களி கிண்டினோம், அந்தச் சின்ன அடுப்பில் அரை மணி நேரம் ஆனது, புகை மணி இரண்டு தடவை அலறியது. கடைசி ராத்திரி, படகை ஒப்படைக்கிற இடத்துக்கு ஒரு மணி நேரத் தூரத்துக்குள் கட்டுங்கள். காலையில் ஒன்பது மணிக்கெல்லாம் கேட்பார்கள்.

லாக்கில் உதவியவர்களுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் ஊரிலிருந்து நிப்பட் என்கிற தட்டை கொண்டுபோங்கள். பூ மட்டும் வாங்காதீர்கள். அக்டோபர் கடைசியில் கடை வாசல் எல்லாம் சாமந்தித் தொட்டியாக இருக்கும். ராயக்கோட்டைப் பக்கம் வயல் வயலாகச் சாமந்தி பார்த்த கண் எனக்கு. தண்ணீர் விட்ட அந்த அம்மாவுக்கு என்று மஞ்சளாக ஒரு தொட்டி வாங்கிவிட்டேன். மகள் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். நவம்பர் 1 அவர்களுக்குப் புனிதர்கள் நாள். செத்தவர் கல்லறையில் வைக்கிற பூ அது. அந்த அம்மாவுக்கு நிப்பட் போயிற்று. தொட்டியைப் படகின் முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு ஊர் தாண்டினோம். ஒரு துறையில் கயிறு போடும்போது கரையில் நின்ற பாட்டி ஒருவர் மகளிடம் மெதுவாகக் கேட்டாராம், உங்கள் வீட்டார் யாரை இங்கே புதைத்திருக்கிறீர்கள் என்று.