ஜார்ஜியா பயணம்: கிலோமீட்டரை நம்பித் திட்டம் போடாதீர்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் தன் ஜார்ஜியா திட்டத்தை அனுப்பியிருந்தார். ஐந்தே நாளில் தலைநகர் திபிலிசி, மலை ஊர்களான கஸ்பேகி, மெஸ்தியா, ஒயின் பகுதியான கக்கேதி. கடைசி இரவு கஸ்பேகியில். முதல் முறை நான் போட்ட திட்டமும் ஏறக்குறைய இதேதான். விசா, குளிருக்கு உடை எல்லாம் அவரவர் பார்த்துக்கொள்வார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

மலையைக் கடைசி நாளில் வைப்பது

திபிலிசியிலிருந்து கஸ்பேகிக்குச் சுமார் 150 கி.மீ. மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடுவோம். நல்ல நாளில் அது சரிதான். ஆனால் வழியில் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் ஜ்வாரி கணவாய் இருக்கிறது. பனிச்சரிவு அபாயம் என்றால் பாதையை மூடிவிடுவார்கள். கஸ்பேகிக்கு வடக்கே ரஷ்ய எல்லைதான், திபிலிசிக்குத் திரும்ப வேறு வழி கிடையாது. எல்லைக்குப் போகும் சரக்கு லாரிகளும் இதே பாதையில்தான் வரிசைகட்டி நிற்கும். கோடையிலும் அதைத் தப்ப முடியாது.

நான் கஸ்பேகியில் மாட்டிக்கொண்டது ஒரு மார்ச் மாதம். மறுநாள் மாலை திபிலிசியில் விமானம். இரவு முழுக்கப் பனி கொட்டியது. காலையில் தங்கியிருந்த வீட்டு அம்மா தேநீரை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினார். பாதை மூடியாகிவிட்டது. அன்று முழுக்கத் திறக்கவில்லை. புது டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் இன்னொரு வாரம் அங்கேயே இருந்திருக்கலாம். மலையை முதலில் முடித்து, கடைசி இரண்டு நாளைத் திபிலிசிக்கு வைத்திருந்தால் இந்தச் செலவே இல்லை. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

மெஸ்தியா இன்னும் தூரம். சாலையில் போக ஒரு நாள், வர ஒரு நாள். சிறிய விமானம் உண்டு, மேகம் இறங்கினால் அதுவும் ரத்து. நான்கு நாள் ஒதுக்க முடியாதென்றால், மெஸ்தியா இருக்கும் ஸ்வானேத்தி பகுதியே இந்த முறை வேண்டாம்.

துஷேத்தி

இந்த மலைப்பகுதிக்குக் கோடையில் மட்டும். மற்ற மாதங்களில் அங்கே போகும் வழியிலுள்ள ஆபானோ கணவாயில் பனி.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது

கூடவே கூடாது.

ஒயின் ஊரில் ஓடுவது

கக்கேதியில் ஒரே நாளில் ஐந்து ஒயின் கூடம் என்று போடுகிறார்கள். அங்கே ஒயினை க்வெவ்ரி என்கிற பெரிய மண்தாழியில், தாழியை மண்ணுக்குள் புதைத்து, பல வீடுகளில் திராட்சைத் தோலும் விதையுமாகவே ஊறவிடுகிறார்கள். 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த முறை அது. அதை வீட்டுக்காரரே உட்கார்ந்து சொல்லக் கேட்க வேண்டும்.

சுப்ரா என்கிற ஜார்ஜிய விருந்தில் தமாதா, அதாவது விருந்தை நடத்துபவர், ஒவ்வொரு சுற்றுக்கும் வாழ்த்துரை சொல்வார். அவர் முடிக்கும் முன் கோப்பையை வாயில் வைக்காதீர்கள். அப்புறம், பாதியில் எழாதீர்கள். ஒருமுறை அடுத்த கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தபோது, அந்த வீட்டுப் பாட்டி வால்நட் அரைத்து வைத்த கத்தரிக்காய்த் தட்டோடு சமையலறையிலிருந்து அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்.