சாலை இரைச்சலும் இடுப்புச் சுற்றளவும்: படுக்கையறையில் செய்ய வேண்டியது

2015இல் வெளியான ஸ்டாக்ஹோம் ஆய்வில், சாலை இரைச்சல் 5 டெசிபல் கூடும்போது இடுப்புச் சுற்றளவு சராசரியாக 0.21 செ.மீ. கூடியிருந்தது. தூக்கம் கலைவதும் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலின் சுரப்பு மாறுவதும் காரணமாகலாம். ஆகவே முதலில் இரவைக் காப்பாற்றுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்குச் சொன்ன இரவு வரம்பு, வீட்டுக்கு வெளியே 45 டெசிபல்.

கட்டிலைச் சாலையை ஒட்டாத அறைக்கு மாற்றுவதே சிறந்த வழி. முடியாவிட்டால் ஜன்னல் சட்டத்தைத் துடைத்து, ஈரம் காய்ந்தபின் நான்கு பக்கமும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். பரப்பில் 1% இடுக்கு இருந்தாலே, எவ்வளவு தடித்த கண்ணாடி போட்டாலும் தடுப்பு 20 டெசிபல் அளவிலேயே நின்றுவிடும். திரைச்சீலைக்குப் பணம் கொட்டாதீர்கள். லாரியின் தாழ்ந்த உறுமலை அது தடுக்காது. நுரைக் காதடைப்பானை மெல்லியதாக உருட்டிச் செருகி, விரியும்வரை 30 விநாடி விரலால் அழுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் வெளியே நழுவிவிடும்.