விகுதியைப் பிடித்தால் ஸ்பானிஷ் வினை பிடிபடும்

பள்ளியில் முப்பது ஆண்டுகள் தமிழ் இலக்கணம் நடத்தியவள் நான். பேரன் மத்ரித்தில் வளர்கிறான். அவன் விளையாடும்போது தானாக வாயில் வரும் மொழியிலேயே அவனோடு பேச வேண்டும் என்று ஆசைப்பட்டு ஸ்பானிஷ் தொடங்கினேன். வாங்கிய புத்தகத்தின் பின்பக்கங்கள் முழுக்க வினை வாய்பாடுகள். மேலிருந்து கீழாக ஒப்பித்தேன். ஒப்பிக்க வந்தது, பேச வரவில்லை. ஒருநாள் அந்த வினைகளைப் பகுதி, விகுதி என்று பிரித்து எழுதிப் பார்த்தேன். வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் செய்த வேலைதான். அதன் பிறகுதான் எனக்கு வழி திறந்தது.

'பேசுகிறேன்' என்று சொன்னால் யார் என்று எவரும் கேட்பதில்லை. 'ஏன்' விகுதி சொல்லிவிடுகிறது. ஸ்பானிஷும் அப்படித்தான். 'யோ' என்றால் நான். ஆனால் பேச்சில் அது பெரும்பாலும் வராது. 'நான்தான்' என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் போடுங்கள்.

எடுத்துக்காட்டுகளுக்கு முன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிஷில் குறில், நெடில் வேறுபாடு இல்லை. ஏதாவது ஓர் அசையில் அழுத்தம் விழும், அவ்வளவுதான். அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் என் நோட்டில் எழுதிக்கொள்வேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். ப வரும் இடத்தில் 'கோபம்' என்பதில் உள்ள ஒலியைக் கொடுங்கள். 'பொதேர்' என்ற ஒரு வினையில் மட்டும் முதல் ப 'பாட்டு' என்பதில் உள்ளது.

எல்லா வினைகளும் அகராதியில் ஆர், ஏர், ஈர் என்ற மூன்று முடிவுகளில் ஒன்றோடு இருக்கும். அப்லார் என்றால் பேச, கொமேர் என்றால் சாப்பிட, பிபீர் என்றால் வாழ. முடிவை நீக்கினால் மிஞ்சுவது பகுதி. அதில் விகுதியைச் சேர்க்க வேண்டும்.

நான்: ஆப்லொ, கோமொ, பீபொ
நீ: ஆப்லஸ், கோமெஸ், பீபெஸ்
அவன், அவள், அது: ஆப்ல, கோமெ, பீபெ
நாம், நாங்கள்: அப்லாமொஸ், கொமேமொஸ், பிபீமொஸ்
நீங்கள் பலர்: அப்லாய்ஸ், கொமேய்ஸ், பிபீஸ்
அவர்கள்: ஆப்லன், கோமென், பீபென்

ஆண்பால், பெண்பால், அஃறிணை எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். நாமும் நாங்களும் ஒன்று. நம் மொழியில் இதைவிட அதிகம் பிரித்துப் பேசிப் பழகிய வாய் நம்முடையது. ஐந்தாம் வரி ஸ்பெயினுக்கு உரியது; லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்தில் ஆறாம் வரியையே சொல்வார்கள். அங்கே உள்ளவர்களோடு மட்டும் பேசப் போகிறீர்கள் என்றால் ஐந்தாம் வரியை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மரியாதைக்கு 'உஸ்தேத்' என்று ஒரு சொல் உண்டு. எதிரே நிற்கும் பெரியவரிடம் பேசும்போதும் அதற்குப் படர்க்கை விகுதிதான் வரும்: உஸ்தேத் ஆப்ல. இது என்னை வெகுநாள் உறுத்தியது. 'தங்கள் மேன்மை' என்ற பொருளுள்ள பழைய விளிச்சொல் தேய்ந்துதான் உஸ்தேத் ஆனது என்று அறிந்ததும் உறுத்தல் போயிற்று. எதிரில் நிற்பவரையே "ஐயா சாப்பிட்டாரா?" என்று நாமும் கேட்பதுண்டே.

இனி பயிற்சி. வாய்பாட்டை மேலிருந்து கீழாகச் சொல்லாதீர்கள். அப்படிப் படித்தால் 'நாங்கள்' வேண்டும்போது 'நான்' தொடங்கி மூன்று படி இறங்கித்தான் வர வேண்டியிருக்கும். உரையாடல் நடப்பது கேள்வியும் பதிலுமாக. ஆகவே இணையாகச் சொல்லுங்கள். கோமெஸ்? கோமொ. பீபெஸ்? பீபொ. கேள்வியில் ஸ் வந்தால் பதிலில் ஒ வர வேண்டும் என்று நாக்குக்கே தெரிய வேண்டும். அதன் பிறகு பலர்: கொமேய்ஸ்? கொமேமொஸ். நாளுக்கு மூன்று வினை, இருபது நிமிடம், வாய்விட்டு. நான் ஆர் வினைகளை மட்டும் ஒரு வாரம் சொன்ன பிறகே அடுத்ததற்குப் போனேன். அந்த நிதானம் வீண் போகவில்லை.

நீ என்றால் ஸ், நாம் என்றால் மொஸ், அவர்கள் என்றால் ன். இந்த மூன்றும் பிற காலங்களிலும் கூட வரும். மொஸ், ன் இரண்டும் எங்கும் மாறுவதில்லை. ஸ் மட்டும் ஏவலிலும், முடிந்துபோன செயலைச் சொல்லும் இறந்தகாலத்திலும் விலகும்: அங்கே 'நீ பேசினாய்' என்பது அப்லாஸ்தெ.

இப்போது மேலே உள்ள நெடில்களைத் திரும்பப் பாருங்கள். ஆப்லொ, ஆப்லஸ், ஆப்ல, ஆப்லன் நான்கிலும் நெடில் பகுதியில் இருக்கிறது. அப்லாமொஸ், அப்லாய்ஸ் இரண்டிலும் விகுதிப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. இந்த நகர்வைக் கவனித்தால், ஒழுங்கற்றவை என்று மாணவர்கள் அஞ்சும் பல வினைகள் ஒழுங்குக்குள் வந்துவிடும். பொதேர் என்றால் முடிய, இயல. அதன் வடிவங்கள் புவேதொ, புவேதெஸ், புவேதெ, பொதேமொஸ், பொதேய்ஸ், புவேதென். அழுத்தம் பகுதியில் விழும்போது அங்குள்ள ஒ 'உவே' என்று உடைகிறது. அழுத்தம் நகர்ந்ததும் பழைய ஒ திரும்பிவிடுகிறது. கெரேர் என்ற 'விரும்பு' வினையில் எ இப்படியே 'இயே' ஆகும்: கியேரொ, ஆனால் கெரேமொஸ். எனக்கு இது நம் விகாரம்தான். எந்த வினை உடையும், எது கோமொ போல உடையாது என்பதை மட்டும் அகராதியைப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். எங்கே உடையும் என்பதை அழுத்தமே சொல்லிவிடும்.

அழுத்தத்தை அலட்சியம் செய்தால் பொருளே மாறும். ஆப்லொ, பேசுகிறேன். அப்லோ, அவன் பேசினான். எழுத்தில் இரண்டாவதன் கடைசி உயிர்மேல் ஒரு சாய்கோடு இருக்கும். அந்தக் கோட்டைப் பார்க்காமல் தாண்டாதீர்கள்.

தமிழர் தவறும் இடம் ஒன்று. 'நான் ஆசிரியை' என்பதில் நமக்கு வினையே வேண்டாம். நானும் பேரனிடம் "யோ மயேஸ்த்ர" என்றேன். அவன் பொறுமையாக "சோய் மயேஸ்த்ர, பாட்டி" என்று திருத்தினான். சேர் என்ற வினை அங்கே கட்டாயம்: சோய், ஏரெஸ், ஏஸ், சோமொஸ், சோய்ஸ், சோன். இடத்தையும் அப்போதைய நிலையையும் சொல்ல எஸ்தார்: எஸ்தோய், எஸ்தாஸ், எஸ்தா, எஸ்தாமொஸ், எஸ்தாய்ஸ், எஸ்தான். 'வீட்டில் இருக்கிறேன்', 'களைப்பாக இருக்கிறேன்' எல்லாம் இதில் அடங்கும். ஆனால் 'உயரமாக இருக்கிறான்' என்பதற்கு, நாம் 'இரு' போட்டாலும், சேர்தான். இவ்விரண்டையும் விதியாகப் படிப்பதைவிட முழு வாக்கியங்களாகச் சேர்த்துவைப்பதே நல்லது.

நமக்குச் சொந்தம்போல வரும் இடங்களும் உண்டு. 'எனக்குப் பிடிக்கும்' என்பது மெ கூஸ்த. அங்கும் 'எனக்கு'தான், 'நான்' இல்லை. பிடித்தவை பலவானால் மெ கூஸ்தன் என்று வினை பன்மையாகும், அது மட்டும் புதிது. 'படிக்கப் பிடிக்கும்' என்பது மெ கூஸ்த லெயேர். எதிர்காலத்துக்குத் தனி வாய்பாடு உண்டு என்றாலும் தொடக்கத்தில் தேவையில்லை. நாம் 'பேசப் போகிறேன்' என்பதுபோலவே அவர்களும் சொல்கிறார்கள்: போய் அ அப்லார். போய், பாஸ், பா, பாமொஸ், பாய்ஸ், பான் என்ற ஆறோடு எந்த வினையையும் மாற்றாமல் ஒட்டலாம். இந்தப் 'போய்'க்கும் நம் 'போய்'க்கும் உறவில்லை, தற்செயல். ஆனாலும் அதை நான் ஒருமுறைகூட மறந்ததில்லை.

இந்த அளவு கைவந்ததும் இறந்தகாலத்துக்குப் போங்கள், அதுவும் இணையாகவே: கொமீஸ்தெ? கொமீ. சாப்பிட்டாயா? சாப்பிட்டேன். தொலைபேசியில் பேரனும் நானும் தினமும் முதலில் பேசிக்கொள்வது இதைத்தான்.