இடம் மாற்றிய பின்பால் மெஷின் ஓடவில்லையா? ஸ்விட்சை வளைக்கும் முன் இதைப் பாருங்கள்

சாய்வான பலகையில் உருளும் இரும்புப் பந்தை ஃப்ளிப்பர் என்ற சின்னக் கைகளால் தட்டித் தட்டி ஸ்கோர் சேர்ப்பதுதான் பின்பால் ஆட்டம். கம்ப்யூட்டர் சிப் வருவதற்கு முந்தைய பின்பால் மெஷின்களில் மூளை என்று தனியாக ஒரு பாகம் கிடையாது. 1970களின் கடைசி வரை தயாரான இவற்றில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), மின்காந்தக் காயில், மெல்லிய தகடுகள் தொட்டு விலகும் நூற்றுக்கணக்கான லீஃப் ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்துதான் ஆட்டத்தை நடத்துகின்றன. அப்படி ஒன்றைக் குட்டியானையில் ஏற்றி, அண்ணா நகரிலிருந்து திருவான்மியூர் வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் குலுக்கிக்கொண்டு போனால், இறக்கியதும் ஏதாவது முரண்டு பிடிப்பது சகஜம். பெரும்பாலும் அது சின்னக் கோளாறாகத்தான் இருக்கும். நாம் அவசரப்பட்டுக் கை வைப்பதில்தான் அது பெரிதாகிறது.

மிக மோசமான தவறு, கண்ணில் படும் ஸ்விட்சையெல்லாம் வளைக்க ஆரம்பிப்பது. ஏற்றும்வரை நன்றாக ஓடிய மெஷின் என்றால் ஸ்விட்ச் இடைவெளிகளும் சரியாகத்தான் இருந்திருக்கும். ஒரே பயணத்தில் இருபது ஸ்விட்ச் கெட்டுப்போகாது. இருபதையும் வளைத்துவிட்டாலோ, இருந்த ஒரு கோளாறோடு நாமாகச் சேர்த்த இருபதையும் தேடி அலைய வேண்டும். குலுங்கியதில் எது கழன்றிருக்கும், எது நகர்ந்திருக்கும் என்று மட்டும் முதலில் தேடுங்கள்.

மேல்பெட்டியையும் அடிப்பெட்டியையும் இணைக்கும் பெரிய ஜோன்ஸ் பிளக்குகளில் தொடங்கலாம். பார்வைக்கு முழுசாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும்; ஒரு ஓரம் மட்டும் லேசாகத் தூக்கியிருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள். பிளக்கின் உலோகப் பின்களில் ஏதாவது கறுத்திருக்கிறதா, பிளக்கின் மறுபக்கம் சால்டர் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசி வரை அழுத்திச் செருகுங்கள். கடலோர வீடுகளில் பித்தளைப் பின்களில் பச்சை பூத்திருப்பதும் உண்டு.

விளக்கெல்லாம் எரிகிறது, ஆட்டம் மட்டும் தொடங்கவில்லை என்றால், மெஷினை ஆட்டினால் ஆட்டத்தை நிறுத்திவிடும் டில்ட் அமைப்பைச் சந்தேகப்படுங்கள். மெஷினை ஆட்டி ஏமாற்றாமல் இருக்க, கொத்தனாரின் தூக்குக்குண்டு போல ஒரு குண்டு ஒரு வளையத்துக்குள் தொங்கும். கால்கள் சமமில்லாமல் நின்றால் குண்டு வளையத்தைத் தொட்டு, மெஷின் தானே டில்ட் ஆகிவிடும். ரசமட்டம் வைத்து இடவலம் சரிசெய்தாலே தீரும். காசு போடும் கதவில், மெஷினை ஓங்கி அடித்தால் ஆட்டத்தை நிறுத்தும் ஸ்லாம் ஸ்விட்சையும் பாருங்கள். பயணத்துக்காக எடுத்து வைத்த ஆட்டப் பந்தைத் திரும்பப் போட்டீர்களா? பந்து தன் குழியில் கிடந்தால்தான் ஆட்டம் தொடங்கும் மெஷின்கள் உண்டு.

ஸ்டார்ட் பட்டனை அமுக்கியதும், ஆட்டத்தின் வேலைகளை வரிசையாக நடத்தும் ஸ்கோர் மோட்டார் நிற்காமல் சுற்றுகிறதா? பலரும் மோட்டாரைக் கழற்றிவிடுகிறார்கள். மோட்டார் மேல் தப்பில்லை. ஸ்கோர் எண்களைக் காட்டும் உருளையான ஒவ்வொரு ஸ்கோர் ரீலும் 0க்கு வந்து சேர்ந்ததும் அதன் ஸ்விட்ச் அதைச் சொல்ல வேண்டும். எல்லா ரீலும் சொல்லும்வரை மோட்டார் ஓடும். உடனே மெஷினை அணைத்துவிடுங்கள், விட்டால் ரீலின் காயில் சூடேறிக் கருகும். 0க்கு வராமல் நிற்கும் ரீலைக் கையால் நகர்த்திப் பாருங்கள், எங்கே சிக்குகிறது என்று தெரியும். எல்லாமே 0 காட்டினால், ஏதோ ஒரு ரீலின் ஸ்விட்சோ இணைப்போ சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள்.

அடுத்து மின்சாரம். அமெரிக்க மெஷின்கள் பெரும்பாலும் 115 வோல்ட்டுக்குச் செய்தவை. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரைப் பழைய வீட்டில் மறந்துவிட்டு, சுவர் பிளக்கின் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஃப்யூஸ் போனதோடு தப்பித்தால் அதிர்ஷ்டம். வோல்ட்டேஜ் சரியாக இருந்தாலும் நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் மோட்டார் கொஞ்சம் மெதுவாகத்தான் சுற்றும். அதைக் கோளாறு என்று நோண்ட வேண்டாம். இரண்டு பின் பிளக் உள்ள பழைய மெஷின் என்றால், எலக்ட்ரீஷியனை வைத்து மூன்று பின் ஒயர் போட்டு எர்த் கொடுத்துவிடுங்கள். கைபடும் கதவு இரும்பு என்பதை மறக்க வேண்டாம்.

ஃப்யூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். ரிச்சி தெருவில் கண்ணாடி ஃப்யூஸ் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. செம்புக் கம்பி சுற்றுகிற நம் பழைய வழக்கம் இங்கே கூடவே கூடாது. காயில் கருகினால் நம் ஊரில் மாற்று கிடைப்பது கஷ்டம்.

கடைசியாக உப்புத்தாளும் எண்ணெயும். லீஃப் ஸ்விட்சின் முனைகள் பெரும்பாலும் வெள்ளி; உப்புத்தாள் போட்டால் தேய்ந்து போகும். மெஷினை அணைத்து, கெட்டியான விசிட்டிங் கார்டை இரண்டு முனைகளுக்கு நடுவே வைத்து, லேசாக அழுத்தி இழுங்கள். கார்டில் கறுப்புக் கோடு விழும். கோடு வராதவரை இழுத்தால் போதும். டபிள்யூ.டி.40 என்ற ஸ்ப்ரே எண்ணெயை அடிக்க வேண்டாம். ஸ்விட்ச் முனைகளில் பொறி பறக்கும் இடத்தில் அது எரியும். காயில் குழாய்க்குள் போனால் தூசியோடு சேர்ந்து பிசினாகி, அடுத்த மழைக்காலத்தில் ஃப்ளிப்பர் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.